இறக்கத்துக்கு எதுக்கு எஞ்சின்

அன்றைக்கு மத்தியானம் பழைய பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள்:

நல்லமுத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டி ஓய்ந்தவர்.

அம்மாக்கண்ணு. அவர் மனைவி. அரைநாளோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தலையில் மழைக்குப் போடும் படங்குச் சாக்கு அப்படியே இருந்தது.

நிரோஷன். அவர்கள் மகன். கட்டாரில் கராஜ் வேலை செய்துவிட்டு வந்தவன்.

சர்மிளா. நிரோஷனின் மனைவி. கந்தப்பளைக்குக் குடிபோவதற்காகச் சட்டி பானையை எல்லாம் பெட்டியில் கட்டி முடித்துவிட்டிருந்தாள்.

மாயாண்டி. நல்லமுத்துவின் லொறியில் கிளீனராக இருந்தவன். இப்போது வாய் மட்டும் வேலை செய்கிறது.

நான். லயத்தில் இவர்களுக்குப் பக்கத்துக் காம்பரா வீடு. கொழும்பில் ராத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தவனை டோர்ச் பிடிக்க எழுப்பியிருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கார். மாசியிலிருந்து அந்த வீட்டில் முதல் சோறு அதற்குத்தான்.

வட்டவளையில் பங்குனி மழைக்கு நேரம் காலம் கிடையாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல் மலையில் மூடுபனி இறங்கும். அது லயத்தை எட்டுவதற்குள் தகரத்தில் சடசடவென்று கொட்டத் தொடங்கிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைக் காம்பராவின் கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டி, காரின் எஞ்சின் மூடிக்கு மேல் விழுந்தது. சர்மிளா ஒரு பேசினை வைத்தாள். பேசின் நிறைந்ததும் மாயாண்டி எடுத்து ஊற்றினான். அவன் அன்று செய்த உருப்படியான வேலை அதுதான்.

தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடமாக இருந்தது அந்தக் கட்டடம். தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டியபின் சும்மா கிடந்தது. நிரோஷன் கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி வாங்கி, முன்கதவை நிலையோடு பெயர்த்துக் காரை ஏற்றிவிட்டான். சுவரில் முயல் படம் இன்னும் இருந்தது. முயலுக்குக் கீழே, கழற்றிப் போட்ட ஒட்டோமெட்டிக் கியர் பெட்டி எண்ணெய் வடிந்து கிடந்தது. மூலையில் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கிற சின்ன அறை. அதற்குக் கதவும் கொண்டியும் பூட்டும் உண்டு. சாமான்கள் எல்லாம் அதற்குள்தான். சாவி அம்மாக்கண்ணுவின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. மாயாண்டி ஸ்பேனர் இரவல் வாங்கினால் அது திரும்பி வராது என்பது தோட்டத்துக்கே தெரியும்.

கார் அஃப்ஹமுடையது. கந்தப்பளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஆள், நிரோஷன் வயதுதான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் மலையேறும் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் ஓடவேண்டும் என்று வாங்கிய ஜப்பான் டர்போ கார் அது. மாசியில் பிரேக் பார்க்கச் சொல்லி நிரோஷனிடம் கொடுத்தார். அன்றைக்கு நிரோஷனுக்கு வேறு வேலை. காரை எடுத்துவரப் போனது நல்லமுத்து. நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் தாண்டி வந்து எங்கள் தோட்டத்துச் சந்தி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. ட்ரக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"தலவாக்கலை தாண்டினதும் இழுவ கொறஞ்சிருச்சி," என்றார் நல்லமுத்து. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நிரோஷன் கியர்ப் பெட்டியைத் திறந்தான். எண்ணெய் கறுத்து, தகடுகள் கருகி நாறின. பெட்டி பழசு, அதன் காலம் முடிந்துவிட்டது என்று அஃப்ஹமிடம் சொன்னான். அவன் நம்பியதைத்தான் சொன்னான். அஃப்ஹம் கோபப்படவில்லை.

"பரவாயில்ல மச்சான். எனக்கும் மெனுவல்தான் ஆச. ஒட்டோவுல மலையேறுறது லிஃப்டுல போற மாதிரி. மெனுவல் பெட்டி ஒண்டு தேடிப் போடு. சீசனுக்கு நல்லா ஓடிச்சிண்டா கடைக்குப் பக்கத்து ஷெட்ட ஒனக்குத் தாறன். கராஜ் போடு."

அந்த ஷெட் கிடைத்தால் நிரோஷன் ஊரில் இருப்பான். கிடைக்காவிட்டால் கட்டார். பழைய கம்பெனிக்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சர்மிளா கார் ஓடுவதற்கு முன்பே சட்டி பானையைக் கட்டினாள்.

அன்றைக்குப் பின்னேரம் அஃப்ஹம் வருவதாக இருந்தது. தேடி வாங்கிய மெனுவல் பெட்டி இன்னும் காருக்குள் போகவில்லை.

"இன்னும் ஒரு நூல் மேல," என்றான் நிரோஷன். ரயில்வே சிலிப்பர்க் கட்டைகள் மேல் ஏற்றி வைத்த காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தான்.

"எந்தப் பக்கம்?" பெட்டிக்கு அடியில் அலவாங்குக் கம்பியை அண்டைகொடுத்துப் பிடித்திருந்த நல்லமுத்து கேட்டார்.

"மேலன்னா மேலதாம்பா. பக்கம் இல்ல."

"ஜக்க மிதிடா மாயாண்டி."

"மிதிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. இது ஏறுனா அது எறங்குது. யூனியன் பேச்சு மாதிரி."

"வாய மூடிக்கிட்டு மிதி."

நான் டோர்ச்சை நிரோஷனின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. அவன் கண்ணைச் சுருக்கினான். நல்லமுத்துதான் சொன்னார். "பாத்துப் பிடிடா. அது தொர கையால வாங்குன டோர்ச்சு. வண்டிய ஒழுங்கா ஓட்டுனதுக்குக் குடுத்தது." தோட்டத்துப் பேர் வெட்டிய நீட்டு வெள்ளி டோர்ச். அவர் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது.

பெட்டியின் தண்டு, கிளச் தட்டின் நடு ஓட்டைக்குள் நேராக நுழையவேண்டும். தட்டு மயிரிழை விலகியிருந்தாலும் போகாது. தட்டை நடுவில் நிறுத்தக் கட்டாரில் அதற்கென்று ஒரு சாமான் இருந்ததாம். இங்கே நிரோஷன் பட்டுப்போன தேயிலைக் கட்டையைச் சீவி ஒன்று செய்திருந்தான். முந்தாநாள் அளவாக இருந்தது. நேற்றைய ஈரத்தில் கட்டை ஊதிவிட்டது. அது தட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதுபோலக் காட்டியது. காலையிலிருந்து இந்தக் கட்டையை நம்பித்தான் பெட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கிறார்கள்.

நிரோஷன் வெளியே வந்தான். கட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். சுவரில் அடித்தான். முயலின் காதில் ஒரு பொட்டுக் காரை பெயர்ந்தது.

"கட்டாரா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்," என்றான்.

"கட்டார்ல இருந்துருந்தா இந்தக் காரே இல்ல," என்றாள் சர்மிளா. "அத சொல்லிக்கிட்டே இருக்காதீங்க. அப்பறம் அங்கயே போகச் சொல்லுவாங்க."

அம்மாக்கண்ணு கையை நீட்டினாள். "இங்குட்டுக் குடு அத."

கட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு ஓரத்தில் வைத்தாள். அது காயும்வரை சும்மா இருக்கமுடியாதே என்று ரொட்டி தட்டினாள். தட்டைக்கரண்டி கட்டிய பெட்டிக்குள் இருந்தது. சர்மிளா அவிழ்க்கமாட்டேன் என்றாள். அம்மாக்கண்ணு கையாலேயே ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். தேங்காய்ச் சம்பலோடு சூடாகக் கொண்டுவந்தாள். எல்லாரும் காரைச் சுற்றிக் குந்தித் தின்றோம். நிரோஷன் கையைக் கழுவவில்லை. ரொட்டியில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியது.

"கிரீஸ் தின்னா நல்லாப் பேதியாகும்," என்றான் மாயாண்டி. "எங்க அண்ணே எஞ்சின் ஒயிலயே ஒருதரம் குடிச்சாரு. சாராயப் போத்தல்ல ஊத்தி வச்சிருந்தாங்க."

"அது நீதான்டா," என்றார் நல்லமுத்து.

"நானா? இருக்கும்."

காய்ந்த கட்டையை நிரோஷன் கத்தியால் இரண்டு சீவு சீவினான். ஒரு சுற்று டேப் ஒட்டினான். மறுபடியும் கீழே போனான். பெட்டியைத் தாங்கிய ஜக் ஏறியது. நல்லமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கால் ஈரத் தரையில் வழுக்க, விடாமல் பிடித்தார். உள்ளே ஏதோ ஒன்று 'களுக்' என்றது. பெட்டி எஞ்சினோடு போய் ஒட்டிக்கொண்டது.

நிரோஷனின் கை மட்டும் வெளியே வந்து, "போல்ட்டு," என்றது.

அதற்குப் பிறகும் தொந்தரவு தீரவில்லை. கிளச் பெடலை ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. கியர் போடும் தண்டுக்காகக் காரின் தளத்தில் வெட்டிய ஓட்டையும் சரியாகவே இருந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. கார் இன்னும் தன்னை ஒட்டோ என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பழைய கம்பி, கியர் 'பார்க்'கில் நிற்கிறது என்ற தகவலை எதிர்பார்த்தது. அந்தத் தகவலைக் கொடுக்கிற பெட்டி முயலுக்குக் கீழே கிடந்தது. நிரோஷன் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேடினான். மழை விட்டது, திரும்பவும் பெய்தது. போன் அடித்தது.

"மச்சான், ஹட்டன் தாண்டிட்டன். ரெடியா?"

"வாங்க நானா," என்றான் நிரோஷன். வாயில் டேப்பைக் கடித்திருந்தான்.

இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. பிள்ளைக் காம்பராவின் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. பேசினில் இருந்த தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது. கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். கிளச்சை விட்டதும் கார் சிலிப்பர்ச் சாய்வில் இறங்கி வாசலுக்குப் போய் நின்றது. அவ்வளவுதான். சர்மிளா உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல கோயிலுக்குப் போகட்டும்," என்றாள் அம்மாக்கண்ணு.

மேல் பிரிவு உச்சியில் முனியாண்டி இருக்கிறார். தோட்டத்தில் எந்த வண்டி வேலை முடிந்து வந்தாலும் முதல் ஓட்டம் அவரிடம்தான். எலுமிச்சம்பழம், சூடம், பிறகுதான் மற்றது.

நிரோஷன் சாவியை அப்பாவிடம் நீட்டினான். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் இங்க நின்னு கேக்கணும். உள்ள இருந்தா சத்தம் சரியா வெளங்காது." அது உண்மை. அலவாங்கோடு மல்லுக்கட்டிய அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை.

"நல்லா மிதிச்சி ஏத்துங்கப்பா. டர்போ பூஸ்ட் எப்புடின்னு பாக்கணும். மேல போனதும் எஞ்சின ஒடனே நிறுத்திராதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுட்டு நிறுத்துங்க. டர்போ கொதிச்சிக்கிட்டு இருக்கும்."

"சரி சரி. ஒங்க ஆத்தா வயித்துல நீ இருக்கையில நான் லொறி ஓட்டுனவன்."

அவர் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

தோட்டத்தில் வண்டியைப் பார்க்கவேண்டியதில்லை. காதாலேயே எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். பாலத்தில் ஒரு அதிர்வு. சவுக்குமர முடக்கு வளைவில் சத்தம் அமுங்கும். அதற்கு மேல் மலை திறந்துவிடும். டர்போவின் சீட்டிச் சத்தம் பனிக்குள்ளே நீளமாகக் கேட்டது. இரண்டு, மூன்று. நல்லமுத்து கியரை மாற்றுகிற இடத்தில் ஒரு இடறல் இல்லை.

"மாத்துறாரு பாரு," என்றான் நிரோஷன். மாசிக்குப் பிறகு அவன் பல் தெரிந்தது அன்றைக்குத்தான். "கெழவன் நல்லா மாத்துறாரு."

"கொழுந்து எடுக்குற புள்ளைங்க எல்லாம் கூடைய வச்சிட்டுப் பாக்கும்," என்றான் மாயாண்டி.

சத்தம் உச்சிக்குப் போனது. கடைசி ஏற்றத்தில் முழு மூச்சாக அலறியது. பிறகு ஒரேயடியாக நின்றது.

நிரோஷனின் பல் மறைந்தது. "ஓடவிடச் சொன்னேன்ல."

"சாமி முன்னுக்கு எஞ்சின ஓடவிட்டுட்டா சூடம் கொளுத்துவாங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

காத்திருந்தோம். சூடம் எரிந்து அணையும் நேரம் போனது. எலுமிச்சம்பழம் நசுக்கும் நேரமும் போனது. ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் வரவில்லை. மழை மட்டும் தகரத்தில் அடித்தது.

"பிடிக்கல போல," என்றாள் சர்மிளா. "கம்பி விட்டுருச்சா?"

நிரோஷன் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினான்.

"எங்க போற?" என்றான் மாயாண்டி. "வந்துருவாரு."

"ஸ்டார்ட் ஆகலயே சித்தப்பா."

"ஏன் ஆகணும்? இறக்கம்தானே." மாயாண்டி பீடியைப் பற்றவைத்தான். "ஒங்கப்பா எறக்கத்துல எஞ்சின் போட்டு நான் பாத்ததே இல்ல. மேல் பிரிவுல கொழுந்த ஏத்துனா அங்கயே நிறுத்திருவாரு. நியூட்ரல். ஸ்டோரு வாசல் வரைக்கும் சும்மா உருட்டிக்கிட்டு வருவாரு. பிரேக்குல காத்து எறங்குறதுக்குள்ள வந்து நிப்பாரு. அந்தக் கணக்குல டீசல் மிச்சம். அதுக்குத்தான் தொர அந்த டோர்ச்சக் குடுத்தாரு. என்னா நெனச்ச, ஒழுங்கா ஓட்டுனதுக்கா?"

நிரோஷன் நின்ற இடத்திலேயே நின்றான். என் கையிலிருந்த டோர்ச்சைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பிள்ளைக் காம்பராவுக்குள் முயலுக்குக் கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

கார் பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் வந்தது. டயர் தண்ணீரைக் கிழிக்கிற ஓசை மட்டும். நல்லமுத்து, எஞ்சின் ஓடாததால் கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வாசலுக்கு நேராக நிறுத்தினார். கண்ணாடி மூடாமல் வந்ததில் முழுக்க நனைந்திருந்தார். முகம் சிரித்தது. நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்தது.

"குதிர மாதிரி ஏறுது. வர்றதுக்கு ஒரு சொட்டு பெற்றோல் செலவில்ல."

"கொண்டாந்தப்பவும் இப்புடித்தானா?" என்றான் நிரோஷன்.

"எப்ப?"

"கந்தப்பளையில இருந்து."

"நானுஓயாவுல நிறுத்துனேன். தலவாக்கலை வரைக்கும் தூக்கம் மாதிரி வந்துச்சி. பெறகு கொட்டகலையில இருந்து ஹட்டன் வரைக்கும். அடுத்தவன் பெற்றோல நாம எரிக்கலாமா? எறக்கத்துக்கு எதுக்கு எஞ்சினு?"

"ஒட்டோப்பா அது." நிரோஷன் சத்தம் போடவில்லை. "எஞ்சின் சுத்துனாத்தான் பெட்டிக்குள்ள ஒயில் ஓடும். எஞ்சின நிறுத்திட்டு உருட்டுனா காஞ்சி எரியும். நான் பெட்டி பழசுன்னு அவர்கிட்ட சொன்னேன். பழசுன்னு சொன்னேம்பா."

நல்லமுத்துவின் சிரிப்பு உடனே போகவில்லை. அது முகத்திலேயே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"சாவியக் குடுங்க."

நிரோஷன் ஸ்டார்ட் பண்ணினான். பிடித்தது. புகைக்குழாயிலிருந்து நீலமாக ஒரு மொத்தைப் புகை வந்து லயத்துப் பக்கம் போனது. மிதித்தான். சீட்டிச் சத்தத்துக்குப் பதிலாக இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் வந்தது. நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தான்.

"டர்போ போச்சா?" என்றாள் சர்மிளா.

"போய்க்கிட்டிருக்கு. மாசியிலயே பாதி போயிருக்கும். ரெண்டு தடவ கொதிக்கக் கொதிக்க நிறுத்தி. இன்னைக்கி மீதி."

"ஓடுமா?"

"சும்மா ஓட்டுனா ஓடும். கொஞ்சம் சூடானா பொகையும் கொறையும். ரேஸுல ஏத்துனா நடு ஏத்தத்துல படுத்துரும்."

"ஓட்டுற ஆளுக்கு?"

"ஆளுக்கு என்னா. வண்டி நிக்கும். அவ்வளவுதான்." பிறகு சொன்னான்: "நின்னாலும் அவரு எந்த முடக்குல நிப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

சர்மிளா மழையைப் பார்த்தாள். "கட்டுன பெட்டிய நான் அவுக்கமாட்டேன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

கீழே பாலத்தில் அஃப்ஹமின் வேன் அதிர்ந்தது.

"நானே சொல்லிர்றேன்," என்றார் நல்லமுத்து. காரின் பக்கத்தில் நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அந்தப் புள்ள வரட்டும். பெட்டியும் நான்தான், இதுவும் நான்தான்னு நேரா சொல்லிர்றேன். இவம்மேல பழி வரக்கூடாது."

"சொல்லுங்க," என்றான் நிரோஷன். "சொல்லிட்டுக் கட்டாருக்கும் நீங்களே போங்க."

"பொய் சொல்லியா கராஜ் போடுவ?"

"நான் பொய்யே சொல்லலயேப்பா. அதானே பிரச்சின. தெரியாமச் சொல்லிட்டேன். இப்பத்தான் தெரியும். இப்ப என்னா சொல்றது? அத சொல்லுங்க. இப்ப என்னா சொல்றது?"

நிரோஷன் எண்ணெய்ப் போத்தலைத் திறந்து எஞ்சினுக்குள் ஊற்றத் தொடங்கினான். கொஞ்சம் வெளியிலும் சிந்தியது.

வேன் ஸ்டோரைத் தாண்டி, லயத்துக்குக் கீழ் முடக்கில் கியர் மாற்றியது.

"இந்தா," என்றாள் அம்மாக்கண்ணு. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நனைஞ்சி வெறச்சிப்போயி நிக்கிறீங்க. பால் காம்பராவுல காஞ்ச சட்ட கெடக்கு. மாத்திக்கிட்டு வந்து பேசுங்க. ஒரு மனுசன் முன்னுக்கு இப்புடியா நிக்கிறது?"

அவர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அது நியாயமாகப் பட்டது போல. "சட்டைய மாத்திக்கிட்டு வந்து சொல்றேன்," என்றார். நாலைந்து எட்டில் அறை வாசலுக்குப் போனவர் நின்றார். "உள்ள இருட்டா இருக்கே."

நான் டோர்ச்சைக் கொடுத்தேன். அதை வாங்கி, தோட்டத்துப் பேர் வெட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனார்.

அம்மாக்கண்ணு மாயாண்டியைப் பார்த்தாள். "ஒனக்கு வாய் இருக்கா?"

"இல்ல மதினி."

என்னையும் பார்த்தாள். நான் கூரை ஓட்டையைப் பார்த்தேன்.

வேனின் வெளிச்சம் முடக்கைச் சுற்றிவந்து முயலின் மேல் விழுந்தது. நிரோஷன் மூடிக்கு மேல் தலையைத் தூக்கி அம்மா போகிற பக்கம் பார்த்தான். பிறகு எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான். அறைக்குள்ளே டோர்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது. ஈரச் சட்டை தலையில் சிக்கிக்கொண்டு, "இத கொஞ்சம் இழுத்து விடேன்," என்று நல்லமுத்து சொல்வது கேட்டது. அம்மாக்கண்ணு கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி கதவை இழுத்துச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். பூட்டை மாட்டி, சத்தம் வராமல் இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்து அழுத்தினாள்.